மாத்திரை இல்லாத ஆறு மாதம்

எப்சிபாவின் நோயை அவளேதான் கண்டுபிடித்தாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை. தென்காசி அம்மன் சன்னதிப் பக்கம் இருந்த ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவள் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்த அணுக்களை எண்ணுகிற புது மெஷின் வந்து இறங்கியிருந்தது. அதைப் பொருத்த வந்த இன்ஜினியர், "சீக்கு இல்லாத ஒரு ஆளோட ரத்தம் வேணும். ஓட்டிப் பாத்துருவோம்" என்றார். எப்சிபாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. காய்ச்சல் என்று ஒரு நாள் லீவு போட்டதில்லை. சட்டென்று கையை நீட்டினாள்.

வெள்ளையணுக்கள் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் என்று மெஷின் காட்டியது. பதினோராயிரத்தைத் தாண்டக் கூடாத எண் அது. இன்ஜினியர் அசடு வழிந்தபடி மெஷினைக் கழுவி மறுபடி ஓட்டினார். அதே எண். அவர் வெளியே போய்க் கம்பெனிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். எப்சிபா மிச்ச ரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் இழுத்தாள். சாயம் போட்டுக் காயவைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே இருந்து முதிர வேண்டிய அணுக்கள், சந்தைக் கூட்டம் போலத் தகடு முழுக்க நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

அவள் வெளியே வந்து, "சார், போனை வைங்க. மெஷின் சரியாத்தான் சொல்லுது" என்றாள்.

பாளையங்கோட்டையில் ரத்தநோய் டாக்டர் சங்கரேஸ்வரி அதற்குப் பெயர் வைத்தார். நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியா. நெற்றியில் பட்டையாகத் திருநீறும் கையில் பெரிய ஆண்கள் வாட்சுமாக இருந்த அந்த அம்மாள், ஒரு தாளில் இரண்டு கோடு போட்டு, இரண்டையும் பாதியில் வெட்டி, துண்டுகளை மாற்றி ஒட்டிக் காட்டினார்.

"ஒன்பதாம் குரோமோசோமும் இருபத்திரண்டாம் குரோமோசோமும் உடைஞ்சு இப்படித் துண்டு மாறி ஒட்டியிருக்கு. ஒட்டுன எடத்துல ஒரு புது ஜீன் உண்டாயிருக்கு. பி.சி.ஆர்-ஏ.பி.எல்னு பேரு. நிக்காம பெருகு, பெருகுன்னு உங்க அணுவுக்கு அதுதான் உத்தரவு போடுது. அதுக்கு மாத்திரை இருக்கு. ஆனா மாத்திரையை விட முக்கியம், அந்த ஜீன் ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு நம்மால எண்ண முடியும். இனிமே உங்க ஜாதகம் அந்த நம்பர்தான்."

சொல்லிவிட்டு எப்சிபாவின் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தார். "உங்க வீட்டுல ஜாதகம் பாக்க மாட்டீங்கள்லா? சரி. இது ஒண்ணை மட்டும் பாத்துக்கிடுங்க."

அவள் பார்த்தாள். மூன்றாம் மாதத்தில் அந்த எண் பத்து சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால் நோய் நல்ல வழியில் போகும், வராவிட்டால் மருந்தை மாற்ற யோசிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு நான்கு வந்தது. ஒரு வருடத்தில் 0.1-க்குக் கீழே வர வேண்டும். 0.06 வந்தது. மூன்றாவது வருடம் ரிப்போர்ட்டில் எண்ணே இல்லை. 'கண்டறியப்படவில்லை' என்ற ஒரு சொல்தான் இருந்தது. அன்றைக்கு அவள் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு அந்தச் சொல்லை நாலு தடவை வாய்விட்டுப் படித்தாள். பக்கத்தில் நின்றவர்கள் நகர்ந்து போனார்கள். ஒவ்வொரு எண்ணையும் கிராஃப் தாளில் புள்ளி வைத்து, கோடு இழுத்து, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தாள். கோடு மலைச்சரிவு போல இறங்கி, அடியில் போய்ச் சமதரையாக ஓடியது.

கல்யாணப் பேச்சு வந்தபோது அவள் எதையும் மறைக்கவில்லை. குற்றாலம் ஐந்தருவிப் பக்கம் பழக்கடை வைத்திருக்கும் ஜெனோ, பெண் பார்க்க அவள் ஊரான இலத்தூருக்கு வந்திருந்தான். காப்பி டம்ளரை நீட்டியபடியே சொன்னாள்.

"எனக்கு ரத்தத்துல புற்றுநோய் இருக்கு. தெனமும் ஒரு மாத்திரை. ஆயுசு பூரா போடணும். மாத்திரை போடுத வரைக்கும் பிள்ளை பெத்துக்கிட முடியாது."

ஜெனோ டம்ளரை வாங்கிக்கொண்டு, "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பொறவா?" என்று கேட்டான்.

"சாப்பிட்ட பொறவு."

"அப்பம் நல்லதுதான். சாப்பிடாமக் கெடக்க மாட்டீங்க."

அவள் அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டாள்.

*

கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து, ஒரு பிப்ரவரி மாதம், வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் சங்கரேஸ்வரி பழைய ரிப்போர்ட்டுகளையெல்லாம் மேஜையில் வரிசையாகப் பரப்பினார். ஆறு வருடமாக ஒரே சொல். கண்டறியப்படவில்லை.

"எப்சிபா, மாத்திரையை நிறுத்திப் பாப்போமா?"

"நிறுத்தலாமா டாக்டர்?"

"உங்கள மாதிரி ரொம்ப வருஷம் மாத்திரை போட்டு, ரொம்ப வருஷம் நம்பர் தரையில கெடந்தவங்க நிறுத்தலாம். நிறுத்துனா ஏறக்குறையப் பாதிப்பேருக்குத் திரும்ப வரதில்ல. மீதிப்பேருக்கு வருது. வந்தா அநேகமா முதல் ஆறு மாசத்துக்குள்ள வந்துரும். மறுபடி மாத்திரை ஆரம்பிச்சா, கிட்டத்தட்ட எல்லாருக்கும் இறங்கிருது. அதனால மாசா மாசம் ரத்தம் பாக்கணும். கோடு 0.1. அதைத் தாண்டுனா அன்னைக்கே மாத்திரை." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆறு மாசம் தாண்டிட்டோம்னா, பிள்ளையைப் பத்தியும் பேசலாம்."

தென்காசிக்குத் திரும்பும் பஸ்ஸில் அவளால் உட்கார முடியவில்லை. ஆலங்குளம், பாவூர்சத்திரம் எல்லாம் எப்போது கடந்தது என்றே தெரியவில்லை. பாதி, பாதி என்று மனசு அடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போகாமல் நேரே குற்றாலத்துக்கு மினிபஸ் ஏறினாள். சீசன் இல்லாத நேரம். ஐந்தருவி ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. ஜெனோ கடையில் மலைவாழைத் தார்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான். அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அவன் கயிற்றை முடிச்சுப் போட்டு முடித்தான். பிறகு, "வேண்டாம்ட்டி" என்றான்.

"அத்தான், பாதிப்பேருக்கு..."

"மீதிப் பாதியும் ஆளுங்கதான? ஒம்பது வருஷமா எந்தக் கொறையும் இல்லாம இருக்க. அதைப் போயி எதுக்கு நிறுத்திப் பாக்கணும்? எனக்குப் பிள்ளை வேணும்னு நான் என்னைக்காவது கேட்டிருக்கனா?"

"நீங்க கேக்கல. நான் கேக்குதேன். அது மட்டுமில்ல, எனக்குத் தெரியணும் அத்தான். ஊர்ல உள்ளவங்க ரத்தத்தையெல்லாம் பாத்து எழுதிக் குடுக்கேன். என் ரத்தத்துல அது இருக்கா செத்துப்போச்சான்னு எனக்குத் தெரியாண்டாமா?"

ஒரு வாரம் இந்தப் பேச்சு நடந்தது. கடைசியில் ஜெனோ ஒரு நிபந்தனை போட்டான். எண் 0.1-ஐத் தாண்டினால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் மாத்திரையை விழுங்க வேண்டும். அவள் பைபிளில் கை வைத்துச் சொல்லப் போனாள். "அதெல்லாம் வேண்டாம், சொன்னாப் போதும்" என்றான்.

மார்ச் மாதம் முதல் ஞாயிறு. மாத்திரை இல்லாத முதல் நாள். ஆராதனை முடிந்து வந்து, மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு, கை கழுவினாள். கால்கள் தாமாகவே அலமாரிக்குப் போயின. மாத்திரைப் பெட்டியைத் தொட்டுவிட்டு, தொட்ட கையை எடுத்துக்கொண்டாள். ஜெனோ வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கேட்டதற்கு, "கெடக்கட்டும்" என்றான்.

*

ரத்தம் எடுக்கிற வேலை ஷிஃபாவுடையது. அவள் பரிசோதனை நிலையத்தில் இரண்டு வருடத்துக்கு முன் சேர்ந்தவள், இருபத்து நாலு வயது, வாய் ஓயாது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை எப்சிபாவை நாற்காலியில் உட்காரவைத்து, ஊதா மூடி போட்ட இரண்டு குழாய்களில் ரத்தம் எடுத்து, குளிர்பெட்டியில் வைத்துச் சென்னைக்கு அனுப்புவாள். ஒரு வாரம், பத்து நாளில் நிலையத்தின் மெயிலுக்கு முடிவு வரும்.

ஏப்ரல்: கண்டறியப்படவில்லை.

ஷிஃபா கத்திய கத்தலில், வெளியே சர்க்கரை பார்க்கக் காத்திருந்த ஒரு அண்ணாச்சி எழுந்தே நின்றுவிட்டார்.

அந்த மாதம் இன்னொன்றும் நடந்தது. ஒன்பது வருடமாக அந்த மாத்திரை எப்சிபாவின் கண்ணிமைகளை வீங்கவைத்திருந்தது. காலையில் எழுந்தால் தூக்கம் கலையாதவள் போலவே இருப்பாள். மாத்திரை நின்று ஐந்தாறு வாரத்தில் வீக்கம் வடிந்தது. ஒரு நாள் காலையில் அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது ஜெனோ அவள் முகத்தையே பார்த்தபடி நின்றான்.

"என்ன அத்தான்?"

"ஒன் கண்ணு இம்புட்டுப் பெருசா? இத்தன வருஷமா எங்கனட்டி வெச்சிருந்த?"

அவன் அவளைப் பார்க்கும் முன்பே அவள் மாத்திரை போட ஆரம்பித்திருந்தாள். தன் பெண்டாட்டியின் சொந்த முகத்தை அவன் இப்போதுதான் பார்க்கிறான். அன்றைக்குத் தோசை கருகியது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கருகலைத் தின்றார்கள்.

மே மாதம் தோளிலும் மணிக்கட்டிலும் வலி பிடித்தது. தலை சீவக் கை தூக்க முடியவில்லை. ஜெனோ பயந்துபோய் டாக்டருக்குப் போன் செய்தான். மாத்திரையை நிறுத்துகிறவர்களில் சிலருக்கு இப்படி மூட்டு வலி வரும், சில மாதத்தில் போய்விடும், நோய் திரும்பியதற்கு அடையாளம் இல்லை என்றார் அவர். ஆனால் அந்த மாதம் ரிப்போர்ட்டில் ஆறு வருடம் கழித்து முதல்முறையாக ஓர் எண் வந்தது. 0.004.

"இது ஒண்ணுமில்ல அத்தான். லட்சத்துல நாலு மாதிரி" என்று எப்சிபா சொன்னாள். கிராஃப் தாளில் அவள் வைத்த புள்ளி மட்டும் கட்டம் தவறி விழுந்தது. தோள் வலியால் என்று சொல்லிக்கொண்டாள்.

ஜூனில் சாரல் தொடங்கியது. மலையில் மேகம் இறங்கி, மேலகரத்தில் அவர்கள் வீட்டு வாசல்வரை குளிர்ந்த காற்று வந்தது. அருவிகளில் தண்ணீர் கொட்ட, ஐந்தருவி ரோட்டில் வண்டிகள் நெருக்கியடித்தன. ஜெனோவின் கடையில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவிந்தன. அந்தப் பரபரப்பின் நடுவில் ஜூன் மாத எண் வந்தது.

0.031.

ஷிஃபா கத்தவில்லை. தாளை எப்சிபாவிடம் கொடுத்துவிட்டு, மெஷினைத் துடைக்கத் தொடங்கினாள்.

வீட்டுக்கு வந்த ஜெனோ அலமாரிக் கதவைத் திறந்து பார்த்தான். சமதரையாக ஓடிய கோடு தலையைத் தூக்கியிருந்தது. அவன் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி, அவள் உள்ளங்கையில் வைத்தான். செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான்.

"போடு."

"0.1 வரல அத்தான். பேச்சு 0.1-தான்."

"நாலுல இருந்து முப்பத்தொண்ணுக்கு ஒரு மாசத்துல வந்துருக்கு. அடுத்த மாசம் எங்கன நிக்கும்? படிச்சவதான நீ?"

"ஒரு நம்பரை வெச்சுச் சொல்ல முடியாது. ஆடும். நின்னு பாக்கணும்."

"எனக்குப் பிள்ளை வேண்டாம்ட்டி. நீ போதும் எனக்கு."

"எனக்கு நான் மட்டும் போதாது அத்தான்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. உள்ளங்கை வியர்வையில் மாத்திரை பிசுபிசுத்தது. இதை இப்போது விழுங்கினால் பயம் போய்விடும். இரண்டு பேரும் நிம்மதியாகச் சாப்பிடலாம். பிறகு இன்னொரு தடவை நிறுத்திப் பார்க்க மறுபடி இரண்டு மூன்று வருடம் ஆகும். அவளுக்கு முப்பத்தைந்து. அவள் அந்த மாத்திரையைச் செம்பின் பக்கத்தில் வைத்தாள்.

ஜெனோ போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். டாக்டர் சங்கரேஸ்வரியிடம் அவன் பேசுவது உள்ளே கேட்டது.

"டாக்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நாங்க இப்பம் மாத்திரை போடாம இருந்து, நாளைக்கு இது ஏறிப் போச்சுன்னா, பொறுத்திருந்த நாளுக்குள்ள இவளுக்கு என்ன ஆகும்?"

அவர் ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருக்க வேண்டும். குரல் தெளிவாக வந்தது.

"ஒண்ணும் ஆகாது ஜெனோ. அதுக்குத்தான் இந்த டெஸ்ட். சீக்கு திரும்புனா உடம்புக்குத் தெரியவே மாசக்கணக்காகும். அவங்க மெஷின்ல வெள்ளையணு ஏறதுக்கும் ரொம்ப முன்னாடியே இந்த நம்பர் நமக்குச் சொல்லிரும். நாம சீக்குக்கு முன்னால நடந்துக்கிட்டு இருக்கோம். பின்னால ஓடல."

ஜெனோ யோசித்தான். "மங்குஸ்தான் அடியில பூ மாதிரி ஒண்ணு இருக்கும் டாக்டர். அதுல எத்தன இதழோ, உள்ள அத்தன சுளை. பழத்தை உடைக்காமலே சொல்லிரலாம். அது மாதிரியா?"

மறுமுனையில் சிரிப்பு. "அது மாதிரிதான். ஆனா ஒங்க பழம் துல்லியமாச் சொல்லும். இந்த நம்பர் கொஞ்சம் ஆடும். அதனால ரெண்டு வாரத்துல ஒரு தடவை பாப்போம். அப்பம் முடிவு பண்ணுவோம்."

அவன் உள்ளே வந்து, அந்த மாத்திரையைக் காகிதத்தில் மடித்து மறுபடி சட்டைப்பையில் போட்டான். "ரெண்டு வாரம்" என்றான். பிறகு, "சோறு போடு" என்றான்.

இரண்டு வாரம் கழித்து எடுத்ததில் 0.046.

டாக்டர், "இன்னும் கோட்டுக்குப் பாதிதான். ஏற்றம் மெதுவாயிருக்கு. ஜூலை எடுங்க" என்று மட்டும் சொன்னார். ஜெனோ கடைக்குப் போகும்போது சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

*

ஜூலை இரண்டாவது சனிக்கிழமை. சீசன் உச்சத்தில் இருந்தது. மெயின் அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருந்ததால், வந்த கூட்டமெல்லாம் ஐந்தருவிக்குத் திரும்பிவிட்டது. எப்சிபா மத்தியானத்தோடு வேலை முடித்து, கணவனுக்கு ஒத்தாசையாகக் கடைக்கு வந்திருந்தாள். ஈரத் தலையோடும் தோளில் துண்டோடும் ஆட்கள் கடையை மொய்த்தார்கள். ஒரு பக்கம் எண்ணெய் தேய்க்கிறவர்களின் கூப்பாடு, ஒரு பக்கம் மிளகாய் பஜ்ஜி எண்ணெயின் சலசலப்பு, எல்லாவற்றுக்கும் பின்னால் அருவியின் இரைச்சல். அவள் போன் பையில் கிடந்தது. அடித்தாலும் கேட்டிருக்காது.

அது பதினேழு தடவை அடித்திருந்தது.

"எப்சிக்கா! எப்சிக்கா!"

எப்சிபா தலையைத் தூக்கினாள். ரோட்டில் வேன்களும் கார்களும் அசையாமல் நின்றன. அவற்றுக்கு நடுவில், ஸ்கூட்டியை எங்கேயோ போட்டுவிட்டு, ஷிஃபா ஓடிவந்துகொண்டிருந்தாள். சாரலில் நனைந்து பர்தா கால்களோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

மங்குஸ்தானை எடைபோட்டுக்கொண்டிருந்த எப்சிபா தட்டை இறக்கக்கூட மறந்து நின்றாள்.

ஷிஃபா ரோட்டின் அந்தப் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டாள். ஒரு டூரிஸ்ட் பஸ் நடுவில் வந்து நின்றது. பஸ்ஸுக்கு மேலாகக் குரல் மட்டும் வந்தது.

"பூஜ்ஜியம் புள்ளி பூஜ்ஜியம் பூஜ்ஜியம் ஒம்பதூ!"

பஸ்ஸின் ஜன்னல்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. ஜெனோ கடையிலிருந்து குதித்து இறங்கினான்.

"ஒம்பதா? ஒம்பதுன்னா? கூடிருச்சா? ஏட்டி, சொல்லு, கூடியிருக்கா கொறஞ்சிருக்கா?"

எப்சிபா இரண்டு கைகளையும் மேலே உயர்த்தி, அப்படியே கீழே இறக்கிக் காட்டினாள்.

"கொறஞ்சிருக்கா?"

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"எவ்வளவு?"

"அஞ்சுல ஒண்ணு" என்று எப்படியோ சொன்னாள். "அஞ்சுல ஒண்ணா எறங்கிருச்சு அத்தான். மாத்திரை இல்லாம. ஒண்ணுமே இல்லாம. அதுவா எறங்குது."

பஸ் நகர்ந்தது. ஷிஃபா பாய்ந்து வந்து எப்சிபாவைக் கட்டிக்கொண்டாள். "பதினேழு தடவ போன் போட்டேன்! ஒரு மனுசி போனை எடுக்காண்டாமா? மேலகரத்துல இருந்து ஒரே டிராபிக். மாமரத்து வளைவுல வண்டியப் போட்டுட்டு ஓடியாறேன்!" ஈர உறைக்குள் தாள் நனையாமல் இருந்தது. ஜெனோ அதை வாங்கி, புள்ளிக்குப் பின்னால் எத்தனை பூஜ்ஜியம் என்று விரல் வைத்து எண்ணினான். இரண்டு. ஒன்பதுக்கு முன்னால் இரண்டு. போன தடவை நாற்பத்தாறுக்கு முன்னால் ஒன்று. இப்போதுதான் அவனுக்குப் பிடிபட்டது.

"பூஜ்ஜியம் கூடக் கூட நல்லதுல்லா?" என்றான். அவ்வளவுதான். அந்த நடுரோட்டில், ஹாரன் அடிக்கிற வண்டிகளுக்கு முன்னால், தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை.

மங்குஸ்தானுக்குக் காத்திருந்த கோவில்பட்டி அம்மா ஒருத்தி, "என்னம்மா, பரீட்சை ரிசல்ட்டா? பாஸா?" என்று கேட்டாள்.

"பாஸ் ஆச்சி!" என்று ஷிஃபாதான் பதில் சொன்னாள். "டிஸ்டிங்ஷன்!"

அன்று அந்தி மங்குவதற்குள் எப்சிபாவும் ஷிஃபாவும் பெண்கள் பக்கம் போய் அருவியில் நின்றார்கள். தென்காசிக்காரர்கள் சீசன் கூட்டத்தில் குளிக்கப் போவதில்லை. ஆனால் அன்றைக்கு எப்சிபாவுக்கு ஏதாவது ஒன்றின் கீழே நின்று கத்த வேண்டும் போல இருந்தது. வலித்துக்கொண்டிருந்த தோளில் தண்ணீர் மடமடவென்று அடித்தது. முன்பின் தெரியாத பெண்கள் இடமும் வலமும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். அவளும் தொண்டை கட்டும்வரை கத்தினாள். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை.

*

ஆகஸ்டில் 0.003. செப்டம்பரில், மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் முடிந்தபோது, அந்தப் பழைய சொல் திரும்பி வந்தது. கண்டறியப்படவில்லை.

டாக்டர் சங்கரேஸ்வரி இரண்டு பேரையும் எதிரே உட்காரவைத்துச் சொன்னார். "நடுவுல எதுக்கு ஏறுச்சுன்னு கேட்டா எனக்கும் முழுசாச் சொல்லத் தெரியாது. மிச்சமிருந்த கொஞ்ச அணுவை உங்க உடம்பே பிடிச்சு அமுக்கியிருக்கலாம். இனிமே எப்பவுமே வராதுன்னும் நான் சொல்ல மாட்டேன். டெஸ்ட்டை விடக் கூடாது. ஆனா ஆபத்தான மாசங்களைத் தாண்டிட்டீங்க." பிறகு ஜெனோவைப் பார்த்து, "இப்பம் அவங்க கேட்டதைப் பத்திப் பேசுவோமா?" என்றார்.

ஜெனோ, "பேசுவோம் டாக்டர். அவளை விட நான்தான் அவசரப்படுதேன்" என்றான். எப்சிபா அவன் தொடையில் கிள்ளினாள்.

டிசம்பரில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. தன் பரிசோதனை நிலையத்தின் கழிவறையிலேயே கர்ப்பம் பார்க்கும் அட்டையில் சொட்டு விட்டுப் பார்த்தாள். இரண்டாவது கோடு மெல்ல எழும்பி வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லாத கோடு.

அதன் பிறகு மாதா மாதம் இரண்டு வேலை நடந்தது. தென்காசியில் மகப்பேறு டாக்டர் குழந்தையின் நெஞ்சுத்துடிப்பைக் கேட்கவைப்பார். ஷிஃபா ஊதாக் குழாயில் ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்புவாள். ஐந்தாம் மாதம் ஒரு முறை 0.002 வந்தது. ஜெனோ அன்றைக்கு அலமாரிக் கதவைத் திறந்து, தானே புள்ளி வைத்தான். "பூஜ்ஜியம் ரெண்டு இருக்கு. பயமில்ல" என்று அவளுக்குத் தைரியம் சொன்னான். அடுத்த மாதம் அதுவும் இல்லை.

ஆகஸ்டு கடைசியில், விட்டுவிட்டுச் சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், பெண்குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ எண்ணூறு. பிறந்தவுடனேயே போட்ட சத்தத்தில், வெளியே நின்ற ஜெனோவுக்குக் கதவைத் திறக்காமலே எல்லாம் தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள், குழந்தைக்குத் தைராய்டு பார்க்க ரத்தம் எடுக்க ஒரு நர்ஸ் வந்தாள். சின்னப் பெண். குழந்தையின் பாதத்தைப் பிடித்து நடுவில் ஊசியைக் கொண்டுபோனாள். படுக்கையில் சாய்ந்திருந்த எப்சிபா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"அங்கன குத்தாதீங்க சிஸ்டர். குதிகால் ஓரத்துல. மொதல்ல காலை வெதுவெதுப்பான துணியில சுத்துங்க, ரத்தம் நல்லா வரும். மொதச் சொட்டைத் துடைச்சுட்டு ரெண்டாவது சொட்டை எடுங்க."

நர்ஸ் திகைத்துப்போய், "நீங்க யாருக்கா?" என்றாள்.

"லேப் டெக்னீஷியன். இங்கன தாங்க, நானே பிடிச்சுக்கிடுதேன்."

அவள் குழந்தையை மடியில் போட்டு, உள்ளங்கைக்குள் அடங்கிப்போன அந்தப் பாதத்தைத் தேய்த்துச் சூடாக்கினாள். ஜெனோ, "நான் வெளிய நிக்கேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனான். ஊசி குத்தியதும் குழந்தை முகமெல்லாம் சிவந்து வீறிட்டது. இரண்டாவது சொட்டு, தடித்துத் திரண்டு, ரத்தம் சேர்க்கும் அட்டையின் வட்டத்துக்குள் சரியாக விழுந்து பரவியது.

"பாத்தீங்களா சிஸ்டர், எம்புட்டு அழகா வருது!" என்றாள் எப்சிபா.